எல்லா இரத்தமும் மூலம் இல்லை

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வன்னியில் அனேகமாக வேறொரு பெயரோடுதான் வீட்டுக்குள் வரும். மூலம்.

மலத்தோடு இரத்தம் போனால் மூலம். வயிறு இறுகினால் மூலம். கதிரையில் இருக்கக் கஷ்டமென்றாலும் மூலம். "உடம்பு சூடு ஏறிப்போச்சு, ரெண்டு இளநி குடியுங்கோ" என்று பக்கத்து வளவுக்காரர் சொல்லுவார். அதோடு ஒரு மாதம் போய்விடும். பிறகு பரியாரியாரின் மருந்து. அதற்குப் பிறகு பார்மசியில் களிம்பு. (களிம்பு வாங்கப் போகிறவர் அதை அண்ணைக்குத்தான் வாங்குவார். மூலம் எப்போதும் வேறு யாருக்கோ வந்த வருத்தம்.)

சிக்கல் என்னவென்றால், இந்த ஊகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இரத்தம் போகிறவர்களில் அதிகம் பேருக்கு உண்மையிலேயே மூலம்தான். அதனால்தான் மிச்சப்பேர் தப்பிவிடுகிறார்கள், அதாவது நோய் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. மூல இரத்தம் பளிச்சென்று சிவப்பாக, மலம் போன பிறகு சொட்டும். புற்றுநோயில் மலத்தோடு கலந்து, சளியோடு வரலாம். ஆனால் மலக்குடலின் அடியில் கட்டி இருந்தால் அதுவும் பளிச்சென்றுதான் வரும். ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கும். நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல டொக்டராலேயே முடியாது, பக்கத்து வளவுக்காரரால் எப்படி முடியும்?

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளம். வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, குறுக்கே போய், இடப்பக்கமாக இறங்கி மலக்குடலில் முடியும். உட்சுவரில் முதலில் வருவது பொலிப் என்கிற சிறு தசைவளர்ச்சி. பெரும்பாலான பொலிப்புகள் ஒன்றும் செய்யாமல் கிடக்கும். சில மட்டும் பத்து வருடம் அளவில் மெல்ல மெல்லப் புற்றாக மாறும். இவ்வளவு அவகாசம் தருகிற புற்றுநோய்கள் குறைவு. இருந்தும் 2022இல் உலகம் முழுக்க 19 இலட்சம் பேருக்கு மேல் இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது, 9 இலட்சம் பேர் இறந்தார்கள். இலங்கையிலும் ஆண், பெண் இருபாலாரிலும் முன்வரிசையில் நிற்கிற புற்றுநோய்களில் இது ஒன்று.

கட்டி எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். இடப்பக்கத்தில் குடல் ஒடுக்கம், மலமும் இறுகியிருக்கும். அதனால் பழக்கம் மாறும்: சிலநாள் மலச்சிக்கல், சிலநாள் வயிற்றோட்டம், மலம் மெலிந்து வருதல். மலக்குடலில் என்றால் போய்விட்டு வந்த பிறகும் போகவேண்டும் போலவே இருக்கும். வலப்பக்கம் அமைதியான பக்கம். அங்கே குடல் அகலம், மலம் தண்ணீராக இருக்கும், அடைப்பு இலேசில் வராது. கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசியும். ஆளுக்குக் களைப்பு, மூச்சு வாங்கல், வயலில் பழைய வேலை செய்ய ஏலாமை. உதைபந்தாட்டக்காரர் பெலேக்கு 2021 செப்டெம்பரில் வழமையான பரிசோதனையில் அகப்பட்ட கட்டி இந்த வலப்பக்கத்தில்தான் இருந்தது. 2022 டிசம்பர் 29இல் அவர் காலமானார்.

ஆகவே ஒரு ஆணுக்கு, அல்லது மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தால் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கப்பட வேண்டும். செருப்பில்லாமல் தோட்டத்தில் நிற்கிறவருக்குக் கொழுக்கிப்புழுவும் காரணமாகலாம், வயிற்றுப்புண்ணும் காரணமாகலாம். ஆனால் காரணம் தேடாமல் இரும்புக் குளிசை மட்டும் கொடுத்து அனுப்புவது வைத்தியம் ஆகாது. (அந்தக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கும். அதற்குப் பிறகு இரத்தம் கறுப்பாகப் போனாலும் எல்லாரும் குளிசையைத்தான் சொல்வார்கள்.)

முதல் பரிசோதனைக்கு மெசின் தேவையில்லை. ஒரு கையுறை, கொஞ்சம் ஜெல், ஒரு விரல், ஒரு நிமிடம். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டி அனேகமாக விரலுக்கே தட்டுப்படும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உண்டு, கிராமப்பக்கம் பிரதேச வைத்தியசாலைகளும் உண்டு, எங்கேயும் இதைச் செய்யலாம், காசும் இல்லை. ஆனாலும் இது நடக்காமலே போகிற சந்தர்ப்பங்கள் ஏராளம். நோயாளிக்கு வெட்கம். ஓபிடியில் சனம் நெருக்கியடிக்கும், டொக்டருக்கு நேரமில்லை. பெண் என்றால் ஆண் டொக்டரிடம் வாயே திறக்கமாட்டார். பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம், பக்கத்தில் மிஸி ஒருவர் நிற்கவேண்டும் என்றும் கேட்கலாம். "சேர், விரலால பாத்துச் சொல்லுங்கோ" என்று நோயாளியே கேட்பதிலும் பிழை ஒன்றும் இல்லை. வன்னியில் தாமதத்துக்கு எல்லாரும் தூரத்தைத்தான் குறை சொல்வார்கள். தூரம் உண்மைதான். ஆனால் கூடுதலான மாதங்கள் தொலைவது பஸ் ஏறுவதற்கு முன்னால், இந்த வெட்கத்தில்.

அடுத்த படி கொலனோஸ்கொப்பி. கமரா பொருத்திய, வளையக்கூடிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்தி, முழுப் பெருங்குடலையும் பார்ப்பது. பொலிப் இருந்தால் அங்கேயே வெட்டியெடுப்பார்கள், கட்டி இருந்தால் சிறு துண்டு எடுத்துப் பயொப்சிக்கு அனுப்புவார்கள். தூக்கம் வருகிற மாதிரி ஊசி போடுவதால் பெரிய நோவு இராது. அனுபவப்பட்டவர்கள் எவரையும் கேட்டால், குழாயைப் பற்றிப் பேசமாட்டார்கள். முதல்நாள் குடித்த தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள்.

குடல் கழுவினது போல வெறுமையாக இருந்தால்தான் கமராவுக்கு ஏதாவது தெரியும். இரண்டு மூன்று நாளுக்கு முன்பே முருங்கைக்காய், கீரை, குரக்கன், விதையுள்ள கத்தரி, கொய்யாப்பழம் எல்லாவற்றையும் நிறுத்தி, வெள்ளைச் சோறு, பாண், முட்டை, மீன் என்று சாப்பிட வேண்டும். (நல்ல சாப்பாடு என்று ஊர் சொல்கிற அத்தனையும் விலக்கு, கூடாதென்று சொல்கிற வெள்ளைப் பாணுக்கு அனுமதி. வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கிற சலுகை.) இரும்புக் குளிசையை ஒரு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சீனி வருத்தத்துக்கும் இரத்தம் உறையாமலும் குளிசை போடுகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். முதல்நாள் பிளேன்ரீ, இளநீர், தெளிந்த சூப் மட்டும். போர்ட்டெலோ, நெக்டோ போன்ற சிவப்பு, ஊதாச் சோடாக்கள் கூடாது, கமராவில் அது இரத்தம் போலத் தெரியும். பிறகு ஒரு பவுடரை லீற்றர் கணக்கில் தண்ணீரில் கரைத்து, உப்புச் சுவையோடு, விட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகு கக்கூசை விட்டு அசைய ஏலாது.

இங்கேதான் வன்னிக்கென்று ஒரு பிரச்சினை. கொலனோஸ்கொப்பிக்கு அனேகமாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துக்குத் துண்டு தருவார்கள். காலையில் ஏழு எட்டு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வரையே 50 கிலோமீற்றருக்குக் குறையாது, அங்கிருந்து ஆனையிறவு தாண்டிப் போகவேண்டும். குடல் கழுவுகிற மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது விடியற்காலை சீ.ரி.பி. பஸ்ஸில் போவது எப்படி என்பதைத் துண்டு எழுதுகிறவர்கள் யோசிப்பதில்லை. தூர இடத்துக்காரர் என்று சொல்லி முதல்நாளே வாட்டில் அனுமதிக்கும்படி கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே தங்கலாம், முன்கூட்டியே விசாரிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கக்கூசு எத்தனை.

பயொப்சி முடிவு கையோடு வராது. அதற்கிடையில் சி.ரி. ஸ்கான் எடுத்து, ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சி.ஈ.ஏ. என்றொரு இரத்தப் பரிசோதனையும் உண்டு. அது நோயைக் கண்டுபிடிக்கிற பரிசோதனை இல்லை, பிற்காலத்தில் திரும்ப வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்க அளவு, அவ்வளவுதான். கட்டி மலக்குடலில் என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் வேண்டும்.

எம்.ஆர்.ஐ. என்றால் காந்தம். வன்னியில் ஒரு தலைமுறையின் உடம்பில் இரும்பு இருக்கிறது.

"பீஸ்" என்றுதான் சனம் சொல்லும். 2009இல் முடிந்த யுத்தத்தின் ஷெல்லடிகளில் பட்டு, எடுக்காமல் விட்ட துண்டுகள். நோகாவிட்டால் மறந்தே போகும். காந்தப் புலத்தில் உருக்குத் துண்டு நகரலாம், சூடாகலாம். கண்ணுக்குப் பக்கத்தில், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக்குழாய் ஓரத்தில் இருந்தால் ஆபத்து. படிவத்தில் "உடம்பில் உலோகம் உண்டா" என்று கேட்கும்போது பல் கட்டினதை மட்டும் நினைத்து "இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். எம்.ஆர்.ஐ. ஏலாது என்றாலும் சி.ரி. ஸ்கான் எடுக்கலாம், அதில் காந்தம் இல்லை. படத்தில் துண்டைச் சுற்றிக் கொஞ்சம் கீறல் விழும்.

இன்னொன்று, பழைய வயிற்று ஒப்பரேசன். புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக வைத்தியசாலைகளில் வயிறு திறக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். என்ன வெட்டினார்கள், எதைத் தைத்தார்கள் என்று சொல்ல டயக்னோசிஸ் காட் இல்லை. வந்த வழியில் உடுப்பே மிஞ்சவில்லை, காட் எங்கே மிஞ்சும்? உள்ளே குடல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கொலனோஸ்கொப்பி குழாய் வளைவுகளில் சிக்கும், சத்திரசிகிச்சைக்கு நேரம் கூடும். தழும்பைக் காட்டி, ஞாபகத்தில் உள்ளதைச் சொன்னாலே சத்திரசிகிச்சை நிபுணருக்குப் பாதி உதவி.

எல்லாப் படமும் வந்த பிறகு நோயின் கட்டத்தைச் சொல்வார்கள். முதலாம் கட்டத்தில் கட்டி குடற்சுவருக்குள் நிற்கும், இரண்டாம் கட்டத்தில் சுவரை ஊடுருவும், மூன்றாம் கட்டத்தில் நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும், நாலாம் கட்டத்தில் ஈரல், நுரையீரல் போன்ற தூர உறுப்புகளில் இருக்கும். நாலாம் கட்டம் என்றதும் வீட்டில் எல்லாம் முடிந்ததென்று நினைப்பார்கள். ஈரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் அதையும் வெட்டியெடுத்துக் குணமானவர்கள் இருக்கிறார்கள்.

பெருங்குடல் என்றால் பொதுவாக முதலில் சத்திரசிகிச்சை. மலக்குடலில், கட்டி கொஞ்சம் முன்னேறியிருந்தால், முதலில் கதிர்ச்சிகிச்சை. கட்டி சுருங்கும், அதே இடத்தில் திரும்ப வருகிற வாய்ப்புக் குறையும். குறுகிய முறை ஐந்து நாள். நீண்ட முறை, கப்பெசிற்றபின் குளிசையோடு சேர்த்து, ஐந்து கிழமைக்கு மேல், திங்கள் முதல் வெள்ளி வரை. ஒரு நாளைக்கு மெசினில் படுக்கிறது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காக ஒருமாதத்துக்கு மேல் வீட்டை விட்டு இருக்கவேண்டும்.

முன்பு இதற்கு மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைதான் கதி. இப்போது அபேக்ஷா என்று பெயர் மாறிய அந்த வைத்தியசாலை, வவுனியாவிலிருந்தே 250 கிலோமீற்றர் தூரம். வேறு மொழி பேசும் ஊர். 2011இல் நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் முன்னின்று நடத்திய "ட்ரெயில்" நடைபயணம் தெற்கே தேவேந்திரமுனையில் தொடங்கி, வன்னியைக் கடந்து, பருத்தித்துறையில் முடிந்தது. 27 நாள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர். அதில் சேர்ந்த பணத்தில் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. கிளிநொச்சிக்காரருக்கு அது ஏறத்தாழ 80 கிலோமீற்றர், ரயிலில் போனால் தெல்லிப்பழை ஸ்ரேசனிலேயே இறங்கலாம். முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. கடற்றொழிலாளி ஒருவர் ஒருமாதம் தெல்லிப்பழையில் தங்கினால் சிகிச்சைக்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வழியில்லை. இலவச வைத்தியம் என்று பெருமைப்படுகிற நாட்டில் இந்தக் கணக்கை ஒருவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கிராம சேவையாளரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரைச் சந்தித்தால் நோயாளர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஜனாதிபதி நிதியத்துக்கும் 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம்.

சத்திரசிகிச்சைக்கு வருவோம். "கத்தி பட்டால் பரவும்" என்றொரு நம்பிக்கை ஊரில் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. ஏன் என்று விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை: முற்றின பிறகு போனவர்களுக்கு வயிற்றைத் திறந்து பார்த்து, வெட்ட முடியாமல் மூடியிருப்பார்கள், அவர்கள் சில மாதத்தில் இறந்திருப்பார்கள். பழி கத்தியில் விழுந்தது. உண்மையில் பரவாத நிலையில் நோயை முழுதாக நீக்குவதற்குப் பிரதான வழி அந்தக் கத்திதான். கட்டியோடு இருபக்கமும் நல்ல குடலையும், அந்தப் பகுதி நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்து, இரண்டு முனையையும் பொருத்துவார்கள். குறைந்தது 12 முடிச்சாவது பரிசோதனைக்குப் போகவேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள கணக்கு.

பொருத்திய இடம் ஆறும்வரை மலம் அந்த வழியால் போகாமல், வயிற்றில் துளையிட்டு ஒரு பையில் வரச் செய்வதுண்டு. கட்டி ஆசனவாயை ஒட்டி இருந்தால் பை நிரந்தரம். மற்ற ஊர்களில் இந்தப் பேச்சை எடுத்தாலே நோயாளி ஒப்பரேசன் வேண்டாம் என்று எழும்பிவிடுவார். வன்னியில் பை புதிதில்லை. வயிற்றில் காயப்பட்டு, மாதக்கணக்கில் பையோடு பதுங்குகுழியிலும் முகாமிலும் இருந்து, பிறகு துளையை மூடி, இன்றைக்குக் கடை நடத்துகிறவர்கள் இங்கே உண்டு. புதிதாகப் பை வைத்தவருக்கு அப்படி ஒருவரோடு அரைமணி நேரம் கதைப்பது எந்தக் கையேட்டையும்விட நல்லது.

வெக்கை வேறு கதை. வியர்வையில் பையின் ஒட்டு கழலும். தோலைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, நன்றாக ஒற்றி உலர்த்தின பிறகுதான் ஒட்டவேண்டும். சிறுகுடலில் வைத்த பை என்றால் உப்பும் தண்ணீரும் நிறைய வெளியேறும். ஆடி மாதக் காற்றில் வயல் வரம்பில் நிற்கிறவருக்குத் தலை சுற்றி, கால் இழுக்கும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் பை இன்னும் வேகமாக நிரம்பும். ஜீவனி கரைத்துக் குடிக்க வேண்டும், அல்லது கஞ்சியில் உப்புப் போட்டு.

வெட்டியெடுத்த முடிச்சுகளில் நோய் இருந்தால் கீமோ. கப்பெசிற்றபின் குளிசை இரண்டு கிழமை, ஒரு கிழமை ஓய்வு. அதோடு மூன்று கிழமைக்கு ஒருமுறை ஒக்ஸாலிபிளாற்றின் மருந்து நாளத்தில் ஏறும். முன்பு எல்லாருக்கும் ஆறு மாதம். 2018இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்புக்குப் பிறகு, மூன்றாம் கட்டத்தில் ஆபத்துக் குறைந்தவர்களுக்கு மூன்று மாதமே போதும் என்றாகிவிட்டது. பஸ் பயணமும் பாதியாகும், விரல் விறைப்பும் குறையும்.

விரல் விறைப்பு ஒக்ஸாலிபிளாற்றினின் அடையாளம். மருந்து ஏறிய சில நாளுக்குக் குளிர் எதிரி. பிரிட்ஜில் கைவைத்தால் ஊசி குத்தும், குளிர்ந்த சோடா குடித்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றது போல இருக்கும். வன்னியில் என்ன குளிர் என்று சிரிக்கலாம். மார்கழியில் விடிய நாலு மணிக்குக் கிணற்றடிக்குப் போனவர் சிரிக்கமாட்டார். சுடுதண்ணீர் வேண்டும். கப்பெசிற்றபின் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்க வைத்து, வெடிக்கச் செய்யும். மண்வெட்டி பிடிக்கிறவர், சேற்றில் இறங்குகிறவர் அதைப் பித்தவெடிப்பு என்று விட்டுவிடுவார், அடுத்த கிளினிக்கில் வாயே திறக்கமாட்டார். சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார்கள்.

காய்ச்சல் மட்டும் காத்திருக்காது. கீமோ எடுக்கிறவருக்கு 38 பாகை தாண்டினால், பனடோல் போட்டுப் படுக்காமல், அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், முதல் வசனமாக "கீமோ எடுக்கிறன்" என்று சொல்லவேண்டும். மாரியில் எல்லாக் காய்ச்சலையும் டெங்கு என்றே வரிசையில் இருத்துவார்கள். கீமோவால் வெள்ளையணு குறைந்த உடம்புக்கு அந்த வரிசையே ஆபத்து.

2022இல் டொலர் தட்டுப்பாட்டில் நாட்டில் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது, டீசல் இல்லாமல் கிளினிக்குக்குப் போகவும் வழியில்லாமல் போனது. அதே வருடம்தான் நியூயோர்க்கில் டொஸ்ரார்லிமாப் என்ற மருந்தால் மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கும் கட்டி மறைந்த செய்தி வந்து, வெளிநாட்டுச் சொந்தங்கள் அனைவரும் அதை வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். செய்தி பொய்யில்லை. ஆனால் அந்த 12 பேரின் கட்டியும் ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறைபாடு உள்ள வகை. மலக்குடல் புற்றுநோயாளிகளில் அந்த வகை உள்ளவர்கள் மிகச் சிலரே.

சிகிச்சை முடிந்த பிறகு ஐந்து வருடம் கண்காணிப்பு. மூன்று தொடக்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.ஈ.ஏ., இடைக்கிடை சி.ரி., ஒரு வருடத்தில் மீண்டும் கொலனோஸ்கொப்பி. திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் வரும், அந்தக் காலத்தில் "இப்ப நல்லாத்தானே இருக்கிறன்" என்று கிளினிக்கை விடுவதுதான் வழக்கமான பிழை.

கடைசியாக, சகோதரங்களும் பிள்ளைகளும். குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் அவர்கள் 40 வயதில், அல்லது நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, எது முந்தியோ அந்த வயதில் கொலனோஸ்கொப்பி செய்யவேண்டும். தகப்பனுக்கு 46 வயதில் என்றால் பிள்ளைக்கு 36இல். வன்னியில் இது சிக்கல், ஏனென்றால் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று வருத்தத்தின் பெயரே வெளியே போகாது. சகோதரங்களில் பாதிப்பேர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பார்கள். அங்கே 50 வயதுக்கு மேல் மலப் பரிசோதனைப் பெட்டி தபாலில் வீட்டுக்கே வரும், ஆனால் குடும்பத்தில் இந்த வருத்தம் உள்ளவருக்கு அந்தப் பெட்டி போதாமல் போகலாம், நேரே கொலனோஸ்கொப்பிக்கு அனுப்பவும் கூடும். அதற்கு அந்த நாட்டு டொக்டரிடம், ஊரில் அண்ணைக்கு வந்தது மூலம் இல்லை, குடல் புற்றுநோய் என்றும், எந்த வயதில் வந்தது என்றும் சொல்லவேண்டும்.